விலாவிலிருந்து ஒரு கை

மே 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். கண்டி கிளினிக் நாள். அலுவிகாரையில் பஸ் ஏறி, மாத்தளையில் மாறி, எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தும் நம்பர் 43.

இந்தக் கொப்பி பிசியோ சுகந்தி தந்த தண்டனை. "தெனம் ஒரு பக்கம் எடது கையால எழுதணும் நானா. என்ன வேணும்னாலும் எழுதுங்க, நான் வாசிக்க மாட்டேன். பக்கம் நெறஞ்சிருக்கான்னு மட்டுந்தான் பார்ப்பேன்." அண்ணன் முறை வைத்து நானா என்று வேறு கூப்பிட்டுவிட்டாள். சரி. எழுதுகிறேன். கோழி கிளறிய எழுத்து. நாற்பத்தாறு வயதில் மறுபடி அ, ஆ.

இன்று புது டொக்டர். பெண். சிங்களவர். என் தோள் உயரம்கூட இல்லை. சிங்களத்தில்தான் பேசினோம். எல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பல்லேகமப் பக்கம் மிளகு வாங்கப் போனது, வளைவில் மணல், பைக் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், வலது தோள் அடிபட விழுந்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. முறியாத கைக்கு எண்ணெய் போதும் என்று எட்டு மாதம் எண்ணெய், கட்டு, பத்தியம். கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டே இருந்தது. இப்போது பதினோரு மாதம்.

"ஏன் முதல் மாதமே வரவில்லை?"

வெட்கம்.

ஃபைலின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். கழுத்திலிருந்து கைக்கு ஐந்து நரம்பு வேர். என்னுடைய ஐந்தும் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாம். ஸ்கேனிலும் காட்டினார். எனக்கு அதில் மேகம்தான் தெரிந்தது. அவர் சொன்ன வழிகளை மறக்குமுன் எழுதி வைக்கிறேன், வீட்டில் மனைவி பரீனா கேட்பாள்.

1. அறுந்த நரம்பை ஒட்டித் தைப்பது. கத்தி வெட்டு என்றால் செய்யலாம். பிடுங்கி வந்ததற்கு அந்தப் பக்கம் முனையே இல்லை.

2. பக்கத்திலிருந்து நல்ல நரம்பு ஒன்றை இரவல் எடுத்து, கையின் பழைய தசையில் இணைப்பது. ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் இதுதான். "நரம்பு இல்லாமல் தசை ஒரு வருஷம் பொறுத்திருக்கும். உங்களுடையது ஏற்கெனவே சுருங்கிவிட்டது."

3. கையில் ஓடியாடுகிற தசை ஒன்றின் நாரை அறுத்து, அசையாத விரலுக்கு மாற்றிக் கட்டுவது. ஒரு நரம்பு மட்டும் போனவர்களுக்கு நல்ல வழியாம். என் கையில் ஓடியாடுகிற தசை ஒன்றுகூட இல்லை.

4. தொடையின் உட்பக்கத்தில் நீளமாக ஒரு தசை. அது இல்லாமலும் நடக்கலாமாம். அதை ரத்தக் குழாயோடு எடுத்துக் கையில் வைப்பது. மேல் முனை தோள்பட்டை எலும்பில், கீழ் முனை விரல்களின் நார்களில். அதற்கு உயிர் கொடுக்க விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்புகளில் மூன்று.

5. கையை எடுத்துவிட்டுச் செயற்கைக் கை.

6. இப்படியே விடுவது.

நாலாவதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். தொடையைத் தூக்கிக் கையில் வைப்பதாம். அவர் சிரிக்கவில்லை.

விலா நரம்புக்கு இப்போது என்ன வேலை என்று கேட்டேன். "மூச்செடுக்கும்போது நெஞ்சை விரிக்கிற வேலை. மூன்றை எடுத்தாலும் மூச்சு இருக்கும். முன்னைப் போல நீளமாக இருக்கும் என்று மட்டும் நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

நான் மோதினார் என்றேன். விளங்கவில்லை. பள்ளிவாசலில் ஐந்து நேரமும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பவன், மிளகு வியாபாரம் எல்லாம் அதற்கு இடையில்தான் என்றேன். பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"அப்படியானால் வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். ஆனால் இந்த மாதத்துக்குள்."

மே 10, வெள்ளி

நல்ல வெயில். மிளகு ஒரு பாய் காய்ந்தது.

மூச்சுப் பரீட்சை. பரீனா போனில் நேரம் பார்க்க, நான் முற்றத்தில் நின்று ஒரே மூச்சில் பாங்கின் தொடக்கத்தில் வரும் 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர் இரண்டையும் நீட்டிச் சொன்னேன். முடித்த பிறகும் மூச்சு மிச்சம் இருந்தது. இதில் எவ்வளவைக் கொடுப்பது? பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, இன்னும் நேரமாகவில்லையே என்றாள்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அன்வர் நானா வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார், டவுனில் பீங்கான் கடை. என் கையைப் பற்றி என்னைவிட அதிகம் கவலைப்படுகிற ஒரே ஆள். "ஒபரேஷன செஞ்சிடுங்க தம்பி. பாங்கு சொல்ல ஆளா இல்ல? யாராச்சும் சொல்லிக்குவாங்க." நல்ல மனசில்தான் சொன்னார். எனக்கு அது மீன் முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது.

பரீனாவிடம் சொன்னால் அவள் வேறு பக்கம் போகிறாள். "ஆதம் நபிட விலாவுல இருந்துதான் அல்லாஹ் பொம்பளைங்க எங்கள படைச்சான்னு பெரிய ஆலிம் மாதிரி பேசுவீங்களே. இப்ப அதே எடத்துல இருந்து ஒங்களுக்கு கை வருதாம். வாணாம்னு சொல்லப் போறீங்களா?"

சிரித்தேன். முடிவு எடுக்கவில்லை.

மே 12, ஞாயிறு

மாலை மஃரிப் தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற வுழூ. இடது கையால் வலது கையைத் தூக்கி, பைப்புக்கு அடியில் பிடித்து, முழங்கை வரை மூன்று தடவை. ஊரில் இறந்தவர்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிற வேலையும் என்னுடையதுதான். அந்தக் கனம் எனக்குத் தெரியும். இது அதே கனம். பதினோரு மாதமாக ஒரு கையை மட்டும் நாளைக்கு ஐந்து தடவை குளிப்பாட்டுகிறேன். அடக்கம் மட்டும் பண்ணவில்லை.

அழுதுவிட்டேன். பைப்பை மூடவும் மறந்து நின்றேன். பின்னால் காத்திருந்தவர் கனைத்தார்.

வீட்டுக்கு வந்து, "எடுக்கச் சொல்லப் போறேன்" என்றேன்.

"எத? கையவா?" பரீனாவின் முகம் வெளுத்துப் போனது.

"விலா நரம்ப."

அவள் உடனே அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

மே 27, திங்கள்

கண்டி ஆஸ்பத்திரி, வாட். பஸ்ஸில் வரும்போது வழி நெடுக வெசாக் பண்டிகைக் காகித விளக்குக் கூடுகள், போன வார மழையில் ஊறிக் கிழிந்து தொங்கின. நாளை ஒபரேஷன். பசி. சாப்பிடக் கூடாது.

டொக்டர் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கை வந்தால் என்ன செய்ய ஆசை? மூன்று வேலை சொல்லுங்கள்" என்றார்.

நான் சொன்னது: சட்டைப் பொத்தான் போடுவது. மிளகை உள்ளங்கையில் உருட்டிக் கனம் பார்ப்பது. சஹனில் சாப்பிடுவது. சஹன் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. ஒரு பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர், எல்லோருக்கும் வலது கை. அந்தத் தட்டில் இடது கையை வைக்க மனம் வராமல் ஒரு வருஷமாக ஒரு கல்யாணத்துக்கும் நான் போகவில்லை.

மூன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். "பழைய கை வராது. விரல்கள் தனித்தனியாக வேலை செய்யாது. நாலும் சேர்ந்து மடங்கும். ஒரு பை தூக்கலாம், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கலாம். கொக்கி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வராமல் போகலாம்."

பரீனாவுக்குக் கோபம். "ஒரு நல்ல வார்த்த சொல்லக் கூடாதா இந்த மனுசிக்கு?" எனக்கு மாறாகத்தான் தோன்றியது. இவ்வளவு உண்மை பேசுகிறவரிடம் நம்பிப் படுக்கலாம்.

ஜூன் 1, சனி

நாலு நாள் எழுதவில்லை. சுகந்தி மன்னிக்க வேண்டும்.

காலையில் உள்ளே போனவன் இருட்டும் நேரம்தான் வெளியே வந்தேனாம். பரீனா வெளியே வாங்கில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதி ஓதி, இன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

என் உடம்பில் எது எங்கே என்று எனக்கே ஒரு பட்டியல் தேவை. தொடையில் நீளத் தையல். வலது நெஞ்சில் வளைந்து ஒரு தையல். கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. மேல் கையில் ஒரு துண்டுத் தோல், அது என் தொடைத் தோல், தொடை முடியோடேயே இருக்கிறது. ஜன்னல் என்கிறார்கள். உள்ளே வைத்த தசைக்கு ரத்தம் ஓடுகிறதா என்று அதில்தான் பார்ப்பது. மணிக்கொரு தடவை நர்ஸ் மிஸ்ஸி வந்து விரலால் அழுத்துகிறார். வெளுக்கிறது. விரலை எடுத்ததும் மெல்லச் சிவக்கிறது. "ஹொந்தாய்", நன்றாக இருக்கிறது, என்று எழுதிக்கொண்டு போகிறார். அந்த ஒரு சொல்லுக்காக மணிக்கு மணி காத்துக்கிடக்கிறேன்.

தைத்த நூல் கண்ணுக்கே தெரியாதாம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மிளகுக் காம்பைவிட மெல்லிய குழாய்களை வாயோடு வாய் வைத்துத் தைத்திருக்கிறார் அந்தச் சின்ன மனுஷி. பிறகு நின்றுகொண்டே ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாராம், பரீனா பார்த்திருக்கிறாள். என் விலாவுக்குள் இருக்கும் நரம்பை அவர் பார்த்துவிட்டார். பிறந்ததிலிருந்து அதை வைத்து மூச்சு வாங்கிய நான் பார்த்ததில்லை. சுப்ஹானல்லாஹ். வேறு சொல் கிடைக்கவில்லை.

தொடையில் இருந்ததற்கு இப்போது கையில் வேலை. நெஞ்சுக்கு வேலை செய்த நரம்பு இனி விரலுக்கு. இதெல்லாம் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளுமா?

டொக்டரின் கட்டளை: ஆறு வாரம் கட்டு. கை உடம்பை விட்டு அகலக் கூடாது. யாரும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. இழுபட்டால் தைத்த நரம்பு உள்ளேயே விட்டுப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி செய்ய வழியில்லை. பாங்கும் அவர் சொல்லும்வரை கூடாது.

ஜூன் 17, திங்கள். ஹஜ் பெருநாள்

காற்று, வெயில். வட்டிலாப்பம் நல்ல பதம்.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். யாரும் பார்க்க மாட்டார்கள்.

காலையில் பரீனா குளிக்கப் போன நேரத்தில் கட்டை நானே அவிழ்த்தேன். புதுச் சட்டை. கட்டுக்கு மேல் போட்டால் கர்ப்பிணி மாதிரி இருக்கிறது. பெருநாளன்று ஊர் முன்னால் அப்படி நிற்க முடியவில்லை. கையைச் சட்டைக் கைக்குள் விட்டு, ஒரு துண்டில் கழுத்தோடு தொங்கவிட்டுப் போனேன். பரீனாவிடம் கட்டு உள்ளே இருக்கிறது என்று சொன்னேன்.

தொழுகை முடிந்து எல்லோரும் முஸாபஹா. இரண்டு கையாலும் கையைப் பிடித்து, அணைத்து, பெருநாள் வாழ்த்து. நான் இடது கையைக் கொடுத்துக்கொண்டு வந்தேன். அன்வர் நானா முறை வந்தது. கண் நிறையத் தண்ணீர் அவருக்கு. "பெருநாள் அதுவுமா எடது கையா தாறது? அரஃபா நோம்போட நேத்து முழுக்க இந்தக் கைக்குத்தான் துஆ கேட்டேன்" என்று துண்டுக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, தன் இரண்டு கையாலும் பிடித்து, இழுத்து அணைத்தார்.

அக்குளுக்குள் சுருக்கென்றது. 'அல்லாஹ்' என்று வாயில் வந்துவிட்டது.

"நொந்திச்சா தம்பி?"

"இல்ல நானா."

வீட்டுக்கு வந்து கட்டை மறுபடி கட்டிக்கொண்டேன். இறைச்சி வந்தது. சாப்பிட முடியவில்லை. நெஞ்சு பகல் முழுவதும் எரிந்தது.

ஜூன் 25, செவ்வாய்

கிளினிக். தையல் எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறதாம்.

"கை எங்கேயாவது இழுபட்டதா?"

"இல்லை."

இவ்வளவு லேசாக வரும் என்று நினைக்கவில்லை. ஊரைத் தொழுகைக்குக் கூப்பிடுகிற வாய். ஏன் சொன்னேன்? கட்டை அவிழ்த்தது நான் என்ற வெட்கம். அன்வர் நானா பெயர் இதில் வரக் கூடாது. அதோடு, சொல்லாவிட்டால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் என்ற சின்னப் பிள்ளைப் புத்தி.

ஜூலை 19, வெள்ளி

தைத்த இடத்திலிருந்து நரம்பு தசைக்குள் வளர வேண்டும். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்கிறார்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தை அக்குளில் வைத்துப் பார்த்தேன். பரீனா கேட்டாள், என்ன அளக்கிறீர்கள் என்று. சட்டைக்கு என்றேன். இன்னொரு பொய்.

விட்டுப்போயிருந்தால்? வளர்கிறதும் தெரியாது, வளராததும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே அமைதி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று முதல் பாங்கு சொல்லலாம். விடியற்காலை சுபஹுக்கு மைக் முன்னால் நின்றேன். முதல் தக்பீர் முடிந்து இரண்டாவதின் நடுவில் மூச்சு அறுந்தது. நிறுத்தி, எடுத்து, சொன்னேன். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

முடிந்ததும் அன்வர் நானா வந்து பக்கத்தில் நின்றார். "நல்லா இருந்திச்சு" என்றார். பொய் சொல்கிறவன் நான் ஒருவன் மட்டுமில்லை.

மூச்சையும் கொடுத்துவிட்டேன். கையும் இல்லையென்றால் என்ன பண்ணுவது?

செப்டம்பர் 24, செவ்வாய்

சுகந்தி என் மேல் கையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "மூச்ச ஆழமா எடுங்க நானா. எடுக்கும்போதே கைய பொத்துறதா நெனைங்க. தோள தூக்காதீங்க. மறுபடி." ஐம்பது தடவை. தலை சுற்றியது. அவள் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. நாலு மாதத்தில் சிலருக்கு வந்துவிடுமாம், சிலருக்கு ஆறு ஏழு ஆகுமாம். "பயப்படாதீங்க." பயப்படுகிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

சுகந்தி ரத்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய அப்பாவுக்குக் கராம்பு மரத்தில் ஏணி சரிந்து இடுப்பு போனதாம், அதனால்தான் இந்தப் படிப்பு. இன்றுதான் சொன்னாள்.

பொத்துவதாக நினைப்பது எப்படி? பொத்தியபோதெல்லாம் நான் நினைத்ததே இல்லையே.

அக்டோபர் 24, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

பிற்பகல் இடி. மழை வரும் முன் அஸர் தொழுகைக்குப் பாங்கு. அரைக் கை சட்டை. தக்பீர்கள், இரண்டு கலிமா, எல்லாம் வழக்கம் போல, நடு நடுவே மூச்செடுத்து. பிறகு 'ஹய்ய அலஸ் ஸலாஹ்', தொழுகைக்கு வாருங்கள். அதற்கு முகத்தை வலது பக்கம் திருப்ப வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டே திருப்பினேன். கண் கீழே போனது.

சட்டைக் கைக்குக் கீழே அந்த ஜன்னல் தோல் அசைந்தது.

தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. பாங்கின் நடுவில் நிறுத்த முடியாது. சொன்னேன். இரண்டாம் தடவைக்கு மூச்செடுத்தேன். மறுபடி அசைந்தது. இடது பக்கம் திரும்பிச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லும்போது பார்க்க முடியவில்லை, ஆனால் உள்ளே இழுபடுவது தெரிந்தது. தெரிந்தது! ஒன்றரை வருஷமாக ஒன்றும் தெரியாத கையில். கடைசித் தக்பீரில் குரல் உடைந்துவிட்டது.

முதலில் வந்தது சந்தோஷமில்லை, பயம். என் மூச்சு என் கைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இறைவனின் பெயரைச் சொல்ல எடுத்த மூச்சு. யா அல்லாஹ், நான் யார், எனக்கா?

கட்டை அவிழ்த்தவனுக்கு, பொய் சொன்னவனுக்கு.

அன்வர் நானா: "என்ன தம்பி, கடைசில கொரல் ஒரு மாதிரி போச்சு?"

"சளி நானா."

பரீனாவிடம் ஓடிப்போய் மூச்செடுத்துக் காட்டினேன். தோலில் கை வைத்துப் பார்த்தாள். மறுபடி, மறுபடி என்றாள். பிறகு தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே ஸுஜூதில் விழுந்தாள். அடுப்படித் தரையில். வெங்காயத் தோல் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

அக்டோபர் 29, செவ்வாய்

டொக்டர் தொட்டுப் பார்த்தார். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன், பல் வரிசை கொஞ்சம் கோணல். அதைப் பார்த்த பிறகு தாங்கவில்லை. பெருநாள் கதையை முழுதாகச் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு போய்விட்டது. "ஜூனில் கேட்டேனே!" மேசையில் தட்டினார். "உங்களுக்கு வராமல் போயிருந்தால், என் தையல் சரியில்லை என்று நினைத்து அடுத்த ஆளுக்கு நான் மாற்றித் தைத்திருப்பேன். உங்கள் கை உங்களுக்கு மட்டுமா?"

திட்டு வாங்கி இவ்வளவு நிம்மதி அடைந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பரீனாவும் பக்கத்தில்தான் இருந்தாள். பஸ்ஸில் கண்டியிலிருந்து மாத்தளை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில்தான், "அளந்தது சட்டைக்காக்கும்" என்றாள்.

நவம்பர் 22, வெள்ளி

மழை விடவில்லை. மிளகுச் சாக்கில் பூனை.

கை தன்பாட்டில் வேலை செய்கிறது. தும்மினால் துள்ளுகிறது. கொட்டாவி விட்டால் நெஞ்சை நோக்கி வருகிறது. நேற்று ஒரு மரணம் நடந்த ஜனாஸா வீட்டில் இருமல் வந்து, எல்லோரும் அமைதியாக இருக்கையில் என் கை மட்டும் எழும்பி இறங்கியது. ஒரு பெரியவர் சலாம் சொல்கிறேன் என்று நினைத்து 'வஅலைக்கும் ஸலாம்' என்றார்.

இன்று ஜும்ஆவில் ஒன்று கவனித்தேன். அன்வர் நானா யாருக்கும் கை கொடுப்பதில்லை. வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சாய்க்கிறார், அவ்வளவுதான். எப்போதிருந்து என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "ஹஜ் பெருநாளுக்குப் பொறகுதான். மூட்டு வலியாம்."

மூட்டு வலி இல்லை. அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. இந்த ஐந்து மாதமும் முன் வரிசையில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டு, கேட்க முடியாமல்.

கடைக்குப் போய் அவர் முன்னால் நின்று, ஒன்றும் பேசாமல் ஆழமாக மூச்செடுத்தேன். முழங்கை ஒரு சாண் மடங்கியது. பார்த்தார். கடை ஆட்களுக்கு முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதார். இருவரும் பெருநாளைப் பற்றிப் பேசவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

பனி. சுபஹுக்குப் போகும்போது மஃப்ளர்.

முழங்கை இப்போது முழுதாக மடங்குகிறது. மூச்சை அவ்வளவு இழுக்கவும் வேண்டாம், நினைத்தால் பாதி வருகிறது. மூளை புது வழியைப் படித்துக்கொள்கிறது என்று சுகந்தி சொல்கிறாள். நாற்பத்தேழில் ஒரு தசைக்கு அ, ஆ படிப்பிக்கிறேன், அது என்னைவிடக் கெட்டி. பாங்கில் இரண்டு தக்பீரும் மறுபடி ஒரே மூச்சில் வருகிறது, ஆனால் மிச்சம் ஒன்றும் இல்லை.

விரல்தான் இல்லை. தசை இழுக்கிறது, நார் இழுபடுகிறது, விரல் மூட்டுகள் இறுகிப்போய் நகர மறுக்கின்றன. டொக்டர்: "இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம். வரவில்லையென்றால் முழங்கையோடு திருப்திப்படுங்கள்." பரீனா தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் போட்டு ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்குகிறாள். துணிச் சுருள், ஸ்பஞ்ச், மூக்குத் துடைக்கிற லேஞ்சி, எல்லாம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. எல்லாம் கீழே விழுகிறது.

கை வந்தும் கை வரவில்லை. எனக்குப் பேராசை. முழங்கை மடங்கியதற்கே ஸுஜூது செய்தவன் இப்போது விரல் கேட்கிறேன்.

பெப்ரவரி 13, வியாழன்

பனி விலகி வெயில். காஸ் முடியப் போகிறது, சொல்லி வைக்க வேண்டும். ரத்தோட்டையில் ஒரு வீட்டில் மிளகு பறித்திருக்கிறார்களாம், சனிக்கிழமை போக வேண்டும், பஸ்ஸில்.

காலை. பரீனா பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். சுட்டு விரல், நடு விரல், மோதிர விரல். அவள் அக்காவின் மகளுடைய கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நீட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவள் கை என் உள்ளங்கையில் கிடந்தது. சும்மாதான் மூச்செடுத்தேன்.

விரல்கள் மடங்கின. நாலும். மெல்ல, ஆனால் நிற்காமல், அவள் கையைச் சுற்றி.

கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்களா?"

தலையை ஆட்டினேன். வாய் திறந்தால் மூச்சு போய்விடும். இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. இறுக்கமில்லை, ஆனாலும் வரவில்லை. அவள் விரல்களின் சூடு எனக்குத் தெரியாது, உணர்ச்சி அவ்வளவு தூரம் இன்னும் வரவில்லை. பிடித்திருக்கிறேன் என்று மட்டும் அக்குளில் தெரிந்தது, விலாவில் தெரிந்தது.

அடுப்படியில் சர்ரென்ற சத்தம்.

"பால் பொங்குது, விடுங்க." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அல்லாஹ்வே, விடுங்கங்க, பால்!"

காது அடைத்தது, கண்ணில் பூச்சி பறந்தது, தீய்ந்த வாசனை வந்தது, நான் மூச்சை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.